டிஸ்க் அழிந்துவிட்டதா? விண்டோஸை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்

புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பதுதான் என் தொழில். அத்தனை வேலையும் ஒரே டெஸ்க்டாப்பில், அதிலிருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எப்படியும் 11-க்கு மாறத்தான் வேண்டும், மாறுவதே மாறுகிறோம், ஹார்ட் டிஸ்க்கின் ஆமை வேகத்துக்கும் ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று நினைத்தேன். வேறொரு பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைத்திருந்த எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு டிரைவ்) ஒன்று சும்மா இருந்தது. அதுவும் 500 ஜிபி. அதை இதில் மாட்டி, புது விண்டோஸை அதில் போட்டு, பழைய டிஸ்க்கை ஃபைல்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது என்பது திட்டம். எளிமையான திட்டம்தான். பழைய டிஸ்க்கைத் தொடப்போவதே இல்லையே என்று பேக்கப் எடுக்கவில்லை.

பென்டிரைவிலிருந்து இன்ஸ்டாலரை ஓடவிட்டு எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தால், இதில் விண்டோஸைப் போட முடியாது, இது எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் (டிஸ்க் எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்பதைக் குறித்து வைக்கும் பழைய முறை) உள்ள டிஸ்க், யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகும் கம்ப்யூட்டருக்கு ஜிபிடி என்ற புதிய வகை டேபிள் உள்ள டிஸ்க்தான் வேண்டும் என்று மறுத்துவிட்டது. இது பலருக்கும் வரும் சிக்கல். எங்கே தேடினாலும் ஒரே தீர்வைத்தான் சொல்வார்கள்: ஷிஃப்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்திக் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திற, டிஸ்க்பார்ட் (டிஸ்க்குகளைப் பிரிக்கவும் அழிக்கவும் விண்டோஸிலேயே இருக்கும் கருவி), லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0, கிளீன், கன்வெர்ட் ஜிபிடி. நானும் அதை ஃபோனில் பார்த்தபடியே வரிவரியாக அடித்தேன். எழுதியவரின் கம்ப்யூட்டரில் ஒரே டிஸ்க், அதனால் அவருக்கு அது 0. என் கம்ப்யூட்டரில் 0 என்பது பழைய ஹார்ட் டிஸ்க்.

லிஸ்ட் டிஸ்க் அடித்தபோது திரையில் வந்ததை இப்போதும் அப்படியே சொல்ல முடியும். டிஸ்க் 0, ஆன்லைன், 465 ஜிபி. டிஸ்க் 1, ஆன்லைன், 465 ஜிபி. அட்டையில் 500 என்று போட்டிருப்பது பத்தின் மடங்கில் எண்ணிய கணக்கு. விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுவதால் 465 என்று காட்டும். அதனால் ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க் மாட்டியிருந்தால் அளவை வைத்து எது எதுவென்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் அதே பட்டியலின் வலதுகோடியில் ஜிபிடி என்று ஒரு பத்தி இருக்கிறது. ஏற்கெனவே ஜிபிடியாக உள்ள டிஸ்க்குக்கு நேரே அங்கே ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். நான் மாற்ற வேண்டியது எம்பிஆர் டிஸ்க்கை, அதாவது நட்சத்திரம் இல்லாததை. நட்சத்திரம் 0-க்கு நேரே பளிச்சென்று இருந்தது. அதன் பொருள் எனக்கு அப்போது தெரியாது.

இன்னொரு வழியும் உண்டு. செலக்ட் டிஸ்க் அடித்த கையோடு டீடெய்ல் டிஸ்க் என்று அடித்தால் டிஸ்க்கின் மாடல் பெயரும் அதிலுள்ள டிரைவ்களின் பட்டியலும் வரும். உங்கள் டேட்டா டிரைவின் பெயர் அதில் தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டியதுதான். இதைவிடப் பத்திரமான வழி, அழிக்கக் கூடாத டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு இன்ஸ்டால் செய்வது. கேபினெட்டைத் திறக்கச் சோம்பலாகத்தான் இருக்கும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, அது ஓடும் டிஸ்க்கைக் கிளீன் செய்யச் சொன்னால் டிஸ்க்பார்ட் மறுத்துவிடும். அந்தத் தைரியத்தில் இங்கேயும் இருந்துவிடக் கூடாது. இன்ஸ்டாலரில் விண்டோஸ் ஓடுவது பென்டிரைவிலிருந்து, ஆகவே உள்ளே இருக்கும் எல்லா டிஸ்க்கும் அதற்கு ஒன்றுதான். 'நிச்சயமா?' என்றுகூடக் கேட்காது. என்டர் தட்டியதும் டிஸ்க்கை வெற்றிகரமாகக் கிளீன் செய்துவிட்டேன் என்று ஒரு வரி வந்தது. கன்வெர்ட்டும் அப்படியே முடிந்தது.

கறுப்புத் திரையை மூடி, டிஸ்க் பட்டியலை ரிஃப்ரெஷ் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பழைய பார்ட்டிஷன்களோடு எஸ்எஸ்டி அப்படியே இருக்கிறது. இன்னொன்று முழுக்க அன்அலொகேட்டட் ஸ்பேஸ், அதாவது பார்ட்டிஷன் எதுவும் இல்லாத வெற்றிடம். ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் அடிவயிறு பகீரென்றது. அச்சுக்குப் போக வேண்டிய ஒரு புத்தகம், முடித்துக் கொடுத்த புத்தகங்களின் மூல ஃபைல்கள், வீட்டுப் படங்கள் எல்லாம் அதில்தான். யாரிடமும் சொல்லவும் தோன்றவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, கேபினெட்டைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் பிடுங்கிவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை, பயத்தில் செய்தது. ஆனால் அன்றைக்குச் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்று பின்னால் தெரிந்தது.

கம்ப்யூட்டர் தெரிந்த நண்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா, அதுமேலயே விண்டோஸைப் போட்டுரு, அப்புறம் ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டி எல்லாத்தையும் எடுத்துக்கலாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பலரும் இதைத்தான் சொல்வார்கள், டேட்டாவை நிரந்தரமாகத் தொலைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. கிளீன் கட்டளை அழிப்பது பார்ட்டிஷன் விவரங்களை மட்டும்தான். புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்த மாதிரி, அத்தியாயங்கள் உள்ளே அப்படியே இருக்கும். கிளீன் ஆல் என்று கூடவே 'ஆல்' சேர்த்திருந்தால் ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்ஜியத்தை எழுதித் தீர்த்திருக்கும், அதற்கு மருந்தே இல்லை. வெறும் கிளீனுக்குப் பிறகு அந்த டிஸ்க்கில் நாம் எழுதும் ஒவ்வொரு மெகாபைட்டும் பழைய ஃபைல் ஏதோ ஒன்றின் மேல் போய் உட்காரலாம். விண்டோஸ் இன்ஸ்டால் என்றால் பல ஜிபி. அவை எந்த ஃபைலின் மேல் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அழிந்தது எஸ்எஸ்டியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஹார்ட் டிஸ்க்கில் குவிக் ஃபார்மட் செய்தாலும் மேலே வேறொன்று எழுதப்படும்வரை பழைய டேட்டா இருக்கும். எஸ்எஸ்டியை விண்டோஸ் ஃபார்மட் செய்யும்போது ட்ரிம் என்றொரு கட்டளையையும் சேர்த்து அனுப்புகிறது. இந்த இடங்கள் இனித் தேவையில்லை, காலி செய்துகொள் என்று டிரைவுக்குச் சொல்வதுதான் அது. சொன்ன பிறகு டிரைவ் தானாகவே உள்ளே துடைக்க ஆரம்பித்துவிடும், நாம் எதுவும் எழுதத் தேவையே இல்லை. இன்ஸ்டாலரில் டிஸ்க்கைக் காட்டி நெக்ஸ்ட் அழுத்தினாலே புதுப் பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட் நடந்துவிடும். ஆகவே எஸ்எஸ்டியாக இருந்தால் அந்த நெக்ஸ்ட்டுக்கு முன்னால் நிறுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. என்னுடையது ஹார்ட் டிஸ்க் என்பதால் எனக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது.

மறுநாள் டேட்டா ரெக்கவரி செய்யும் ஓர் இடத்துக்கு டிஸ்க்கைக் கொண்டுபோனேன். பரிசோதனைக் கட்டணம் என்று முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள், அது திரும்பக் கிடைக்காது என்பதை ரசீதில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். சில நாள் கழித்து அவர்கள் சொன்ன தொகைக்குப் புதுக் கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம். வேண்டாம் என்று டிஸ்க்கைத் திரும்ப வாங்கி வந்தேன். அந்தக் கட்டணம் போனது போனதுதான். அந்தத் தொழிலையே நான் குறை சொல்ல மாட்டேன். டிஸ்க் கீழே விழுந்து 'டக் டக்' என்று சத்தம் போட்டாலோ, கம்ப்யூட்டரில் அடையாளமே தெரியாமல் போனாலோ அவர்களிடம்தான் போக வேண்டும், அந்த நிலையில் வீட்டில் சோதனை செய்து பார்ப்பது ஆபத்து. ஆனால் டிஸ்க் நல்லபடியாக ஓடுகிறது, பார்ட்டிஷன் மட்டும்தான் போயிருக்கிறது என்றால் முதலில் நாமே பார்த்துவிடலாம். அப்படியும் போவதாக இருந்தால், பரிசோதனைக்குப் பணம் உண்டா, டேட்டா கிடைக்காவிட்டால் என்ன கணக்கு, கிடைக்கும் ஃபைல்களின் பட்டியலைப் பணம் கட்டும் முன்பே காட்டுவார்களா, இந்த மூன்றையும் டிஸ்க்கைக் கையிலிருந்து கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நான் கடைசியில் பயன்படுத்தியது டெஸ்ட்டிஸ்க். இலவசம், ஓப்பன் சோர்ஸ். இதன் கூடவே வரும் ஃபோட்டோரெக் என்ற இன்னொன்றும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. டெஸ்ட்டிஸ்க் தொலைந்த பார்ட்டிஷன்களைத் தேடிக் கண்டுபிடிக்கும், கண்டுபிடித்தால் ஃபோல்டர்களும் ஃபைல் பெயர்களும் பழையபடியே கிடைக்கும். ஃபோட்டோரெக் பார்ட்டிஷனையெல்லாம் பார்க்காது, ஃபைல்களின் தொடக்க அடையாளத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும். அதில் பெயரும் இருக்காது, ஃபோல்டரும் இருக்காது, எண் போட்ட ஆயிரக்கணக்கான ஃபைல்கள் வந்து விழும். பலர் நேராக ஃபோட்டோரெக்கை ஓட்டிவிட்டு அந்தக் குவியலில் மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருப்பார்கள். முதலில் டெஸ்ட்டிஸ்க், அது கைவிட்டால் மட்டும் ஃபோட்டோரெக்.

இதற்குக் கடன் வாங்கிய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் லைவ் பென்டிரைவ் தயார் செய்தேன். டிஸ்க்கில் எதுவும் போடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ் அது. விண்டோஸில் டிஸ்க்கை மாட்டினால் 'இனிஷியலைஸ் செய்யவா, ஃபார்மட் செய்யவா' என்று பெட்டி வந்து நிற்கும், பதற்றத்தில் ஓகே தட்டிவிடும் ஆபத்து உண்டு. மீட்ட ஃபைல்களைப் போட எக்ஸ்டர்னல் டிரைவ் ஒன்று வாங்கினேன். அழிந்த டிஸ்க்கில் இருந்த டேட்டா மொத்தமும் பிடிக்கும் அளவு அதில் இடம் இருக்க வேண்டும். டெஸ்ட்டிஸ்க்கைத் திறந்து, டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து (இந்த முறை மாடல் பெயரைப் படித்து), ஈஎஃப்ஐ ஜிபிடி என்று சொல்லி, அனலைஸ், குவிக் சர்ச். கொஞ்ச நேரத்தில் சி, டி இரண்டு பார்ட்டிஷன்களும் வரிசையாக வந்து நின்றன. டி மேல் வைத்து பி எழுத்தை அழுத்தியதும் ஃபோல்டர் பட்டியல் விரிந்தது. தமிழில் பெயர் வைத்தவையெல்லாம் பெட்டி பெட்டியாகத்தான் தெரிந்தன. ஆனாலும் எது எந்தப் புத்தகம் என்று தேதியைப் பார்த்தே சொல்ல முடிந்தது. அந்தப் பெட்டிகளைப் பார்த்து அழுதுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். கண்டுபிடித்த பார்ட்டிஷன்களை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிடலாம், ரைட் என்று ஒரு வாய்ப்பு கீழேயே இருக்கும். சரியாக அமைந்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும்தான். தவறான பார்ட்டிஷனை எழுதிவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். ஃபைல்களை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்திய பிறகு ரைட்டைப் பற்றி யோசிக்கலாம். சிறிய ஏ அழுத்தினால் எல்லாம் தேர்வாகும், பெரிய சி அழுத்தினால் நகலெடுக்கும். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் எத்தனை ஓகே, எத்தனை ஃபெயில்ட் என்று கணக்குக் காட்டியது. ஃபெயில்ட் பூஜ்ஜியம் இல்லை, டிஸ்க் பழசு, சில இடங்களில் படிக்கவே திணறியது. போனவற்றில் பெரும்பாலானவை சி டிரைவில் இருந்த புரோகிராம் ஃபைல்கள். சில படங்களும் போய்விட்டன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், டிஸ்க்கை விண்டோஸின் பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதியில் பூட்டியிருந்தால் இந்த வழியெல்லாம் இவ்வளவு சுலபமாக இருக்காது. 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலேயே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கலாம், கீ பெரும்பாலும் அதே கணக்கில் இருக்கும். இன்றைக்கே ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

விண்டோஸ் போட்ட கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. எஸ்எஸ்டி மட்டும் மாட்டியிருக்க, அதே டிஸ்க்பார்ட் வரிகளை அடித்தேன், கை கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான். ப்ராடக்ட் கீ கேட்டபோது என்னிடம் கீ இல்லை என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தேன். ஏற்கெனவே முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 இருந்த அதே மதர்போர்டு என்றால் டிஜிட்டல் லைசென்ஸ் மைக்ரோசாஃப்ட் பக்கம் பதிவாகி இருக்கும், இன்டர்நெட் கிடைத்ததும் 11 தானே ஆக்டிவேட் ஆகிவிடும். இது தெரியாமல் புது கீ வாங்கியவர்கள் உண்டு, எனக்கும் ஒருவர் விற்கப் பார்த்தார். ஒன்றே ஒன்று, முன்பு ஹோம் இருந்தால் ஹோம், ப்ரோ இருந்தால் ப்ரோ என்று அதே வகையைத்தான் போட வேண்டும். மாற்றிப் போட்டால் ஆக்டிவேட் ஆகாது. இடையில் வைஃபை டிரைவர் இல்லாமல் நெட்வொர்க் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது, இன்டர்நெட் இல்லாமல் மேலே போகவும் விடவில்லை. ஃபோனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (ஃபோனின் இன்டர்நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது) போட்டதும் வழி விட்டது. புதிய இன்டெல் லேப்டாப்களில் டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்று இன்ஸ்டாலர் சொல்வதுண்டு. டிஸ்க் செத்துவிட்டது என்று பதற வேண்டாம், விஎம்டி என்ற அமைப்புக்கான இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவர் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து அதை எடுத்துப் பென்டிரைவில் வைத்து லோட் டிரைவர் கொடுத்தால் டிஸ்க் தெரியும்.

என்னை உண்மையில் வாரக்கணக்கில் இழுத்தடித்தது அதற்குப் பிறகு வந்தவைதான். குரோமின் புரொஃபைல் ஃபோல்டரை முழுசாக மீட்டிருந்தேன், அதைப் புது விண்டோஸில் கொண்டுபோய் வைத்தால் புக்மார்க்குகள் எல்லாம் வந்தன, பாஸ்வேர்டு ஒன்றுகூட வரவில்லை. அவற்றைப் பூட்டியிருக்கும் சாவி பழைய விண்டோஸ் யூசர் கணக்கோடு பிணைந்தது. புது விண்டோஸில் அதே பெயரில் யூசர் உண்டாக்கினாலும் அது வேறு ஆள்தான். கூகுள் கணக்கோடு சிங்க் போட்டிருந்தவர்களுக்குக் கவலையில்லை, நான் போட்டதில்லை. ஒவ்வொரு தளமாகப் போய் ஃபர்காட் பாஸ்வேர்டு தட்டிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, மெயில் ஃபோனில் லாகின் ஆகியிருந்தது, அதுவும் இல்லையென்றால் என் கதி என்னவென்று தெரியவில்லை. ஃபயர்பாக்ஸ் இந்த விஷயத்தில் வேறு மாதிரி, அதன் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் பாஸ்வேர்டுகளும் கூடவே வரும், பிரைமரி பாஸ்வேர்டு (முன்பு மாஸ்டர் பாஸ்வேர்டு என்றிருந்தது) போட்டிருந்தால் அது நினைவிருக்க வேண்டும். பழைய டிஸ்க்கில் எனக்கு ஃபயர்பாக்ஸும் இருந்தது, சில முக்கியமான கணக்குகள் அதில் சேமித்திருந்ததால் தப்பின.

அடுத்தது ஃபான்ட். பழைய புத்தகங்கள் பல பாமினியிலும் அதைப் போன்ற யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்களிலும் கோத்தவை. ஃபைல் மீண்டு வந்தது, திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். ஃபான்ட்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும், அதை நான் நகலெடுத்திருந்தேன். பாதி வந்துவிட்டன. மீதியைக் காணோம். இப்போதைய விண்டோஸில் ஃபான்ட்டை டபுள் கிளிக் செய்து சாதாரணமாக இன்ஸ்டால் கொடுத்தால் அது அந்த யூசருக்கு மட்டும் பதிவாகி, மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள், லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று அடுக்கடுக்காகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே யூசர் ஃபோல்டரை நகலெடுக்கும்போது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் என்று கண்ணில் படுவதை மட்டும் எடுக்காமல் ஆப்டேட்டாவையும் சேர்த்தே எடுங்கள். நான் திரும்ப லினக்ஸுக்குப் போய் இன்னொரு தடவை டிஸ்க்கை மாட்டி எடுத்தேன். பழைய டிஸ்க்கை அதுவரை தொடாமல் வைத்திருந்ததால்தான் அதுவும் நடந்தது. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருப்பதால் தட்டச்சில் சிக்கல் வரவில்லை. பக்க வடிவமைப்பு மென்பொருளின் லைசென்ஸ் மட்டும் பழைய இன்ஸ்டாலேஷனோடு கணக்கில் நின்றுகொண்டிருந்தது, மெயில் எழுதி விடுவிக்க வேண்டியிருந்தது. அந்தப் புத்தகம் அச்சுக்குத் தாமதமாகத்தான் போனது, பதிப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

இப்போது எக்ஸ்டர்னல் டிரைவில் வாரம் ஒருமுறை நகல் எடுத்து, எடுத்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன். மாட்டியபடியே விட்டால் அதுவும் டிஸ்க்பார்ட் பட்டியலில் ஓர் எண்ணாக வந்து நிற்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கை இனி நம்பி ஓட்ட முடியாது. அதை யாருக்காவது கொடுப்பதாகவோ குப்பையில் போடுவதாகவோ இருந்தால் அதற்கு முன் அதை மட்டும் மாட்டி கிளீன் ஆல் ஓட்ட வேண்டும். வெறும் கிளீனோடு விட்டால், நான் எடுத்த மாதிரியே டெஸ்ட்டிஸ்க் வைத்திருக்கும் யாரும் என் ஃபைல்களை ஒரே ராத்திரியில் எடுத்துவிடலாம். 500 ஜிபிக்கு அது மணிக்கணக்கில் ஓடும், எவ்வளவு முடிந்தது என்றுகூடத் திரையில் காட்டாது, பொறுமையாக விட்டுவிட வேண்டியதுதான்.